அவளுடைய முகத்தில் தோல் ஏன் உரிந்தது

மகன்,

உனக்கு ஸலாம். கோபத்தில்தான் இருக்கிறேன், ஆனாலும் ஸலாம் சொல்லாமல் எழுதத் தொடங்க மனம் வரவில்லை. நான் அழைத்தால் நீ போனை எடுப்பதில்லை. செய்தி போட்டால் வாசித்த அடையாளம் நீலமாக விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் கடதாசியில் எழுதி, விடுமுறை முடிந்து கத்தாருக்குத் திரும்பிப் போகிற ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் வாசித்தாலும் சரி, உன் அறையில் இருக்கிறவர்கள் வாசித்தாலும் சரி, எனக்குக் கவலையில்லை. நீ உன் மனைவியைப் பற்றிப் பேசியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்கும்படிதானே போட்டாய்? அதற்குப் பதிலும் எல்லோரும் வாசிக்கிற மாதிரி இருப்பதுதான் நியாயம்.

உன் குரலை நான் கடையில் வைத்துக் கேட்டேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். மகன் ஏதோ நல்ல செய்தி சொல்கிறான் என்று நினைத்து, பக்கத்தில் ஆள் நிற்கும்போதே சத்தமாகப் போட்டுவிட்டேன். "உம்மா, நாங்க நல்லா ஏமாந்துட்டோம். மூஞ்சில தோல் வருத்தம் ஈக்கிற புள்ளய மறச்சி எங்கட தலையில கட்டிட்டாங்க. எனக்கு ஏலா. காழியார்ட்ட கதச்சி தலாக்க முடிச்சி வைங்க." பருப்பு வாங்க வந்த மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு நிறுத்தேன், எவ்வளவு காசு வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மடவளை பஸாரில் இத்தனை காலம் கடை வைத்திருக்கிறேன், தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

நீ வீடியோவில் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் நேரில் பார்த்தேன். ரிஸ்னாவின் இரண்டு கன்னமும் அடி வாங்கியது போலச் சிவந்து, மூக்கின் ஓரத்திலும் நாடியிலும் தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு உரிந்துகொண்டிருந்தது. சிரித்தால் வாயின் ஓரம் வெடிக்கும். அதனால் அந்தப் பிள்ளை சிரிக்காமல் கதைத்தது. நீ "என்னது இது, கிட்ட காட்டு, லைட்ட போடு" என்றாயாம். அவளும் போட்டாளாம். நீ பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாயாம். அதுதான் நீ அவளோடு கடைசியாகக் கதைத்தது. மறுநாள் உன் குரல் குழுவுக்கு வந்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை உடைத்துத்தான் எழுதுகிறேன். நாளைக்கு அவளிடம் போய் நானே மன்னிப்புக் கேட்பேன். நீ ஒன்று செய், எழுந்து நின்று வாசிக்காதே, உட்கார்ந்து வாசி.

உன் குரல் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அவளைக் கண்டியில் தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேறு யார் போவது? அவளுடைய வாப்பா கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அவளுடைய உம்மாவுக்கு வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். நீ கத்தாரில். வத்தேகமையில் அவள் பஸ் ஏறினாள், நான் மடவளையில் ஏறினேன். நின்றுகொண்டு வருகிற சனத்துக்குள்ளே எனக்கென்று பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். முகத்தைக் கண் மட்டும் தெரிய மூடியிருந்தாள். நம் ஊரில் அப்படி மூடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அவள் மூடுகிற பிள்ளை இல்லை என்று உனக்கும் தெரியும். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நோவுதா மகள்?" என்று கேட்டேன். "எரியுது மாமா. தண்ணி பட்டா இன்னமும் எரியுது" என்றாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, நல்ல மனுஷி. உள்ளே போனதும் என்னைப் பார்த்து, "அப்பாவா?" என்று கேட்டார். "மாமனார்" என்றேன். ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போடச் சொன்னார். உரிகிற முகத்தைக் கண்டதும் அவர் பயப்படவில்லை, மகன். கையுறைகூடப் போடாமல் விரலால் தொட்டுப் பார்த்தார். நீ ஏழு கடல் தாண்டி இருந்துகொண்டு பயந்துவிட்டாய்.

அவர் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவற்றில் ஒன்றையாவது கேட்டிருக்க வேண்டியவன். வாசனைச் சவர்க்காரம் போட்டு அடிக்கடி முகம் கழுவுகிறாயா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறாயா என்று கேட்டார். தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசை போய்விட்டால் முகம் காய்ந்து உரியுமாம். ஜனவரிப் பனியும் காற்றும் மலைப்பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அதைச் செய்கிறது என்றார். வெயில் சுட்டாலும் இரண்டு மூன்று நாளில் உரியும். தலையில் பொடுகு இருக்கிறவர்களுக்கு அதே தொல்லை புருவத்திலும் மூக்கோரத்திலும் இறங்கி, எண்ணெய்ப்பிசுக்கான மஞ்சள் செதிலாக வருமாம். சிலருக்கு ஒரு பவுடரோ தலைச்சாயமோ ஒத்துக்கொள்ளாமல் கரப்பன் மாதிரி அரித்து உரியும். பருவுக்குப் பூசுகிற மருந்தே சிலரைக் காய வைத்துவிடும். சொரியாசிஸ் என்று ஒன்று, அது பரம்பரையில் வரக்கூடியது, தடித்த செதிலாக இருக்கும், முழங்கையையும் தலையையும் பார்த்தால் தெரியும் என்று சொல்லி அவளுடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. அபூர்வமாக உடம்புக்குள்ளே இருக்கிற நோய்கூட முகத்தில் காட்டும், அதனால் காய்ச்சல் உண்டா, மூட்டு நோவு உண்டா, வெயிலில் போனால் கூடுகிறதா என்றெல்லாம் கேட்டு, இரத்தமும் எடுக்கச் சொன்னார். நான் நடுவில் வாயை வைத்து, "நான் உடுப்புக் கழுவுற சவர்க்காரத்துலதான் மூஞ்சி கழுவுற, எனக்கும் உரியுது மிஸ்" என்றேன். "அப்படிச் செய்தால் சுவரே உரியும்" என்று அவர் சிரித்தார். ரிஸ்னாவும் சிரித்தாள், உடனே வாயோரத்தைப் பிடித்துக்கொண்டாள். இவற்றில் பெரும்பாலானவை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, இவளுடைய முகத்தில் இருப்பதும் தொற்றாது என்று டொக்டர் சொன்னார். அதை நீ போன் எடுத்து உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அவள் ரிஸ்னா நம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தாள்.

எல்லாம் கேட்ட பிறகு டொக்டர், "முகத்துக்கு என்ன பூசினாய்? இருப்பதைக் கொண்டுவந்தாயா?" என்றார். ரிஸ்னா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். தங்க நிற மூடி. அந்த டப்பாவை வத்தேகமைக்குக் கொண்டுபோய் அவளுடைய கையில் கொடுத்தவனே நான்.

நீ கலியாணம் முடித்துப் போன பிறகு முதல் முதலாக அனுப்பிய பார்சலை நினைத்துப் பார். அங்கிருந்து வருகிற எல்லாப் பார்சலிலும் இருக்கிறதுதான் அதிலும் இருந்தது, பால்மா, தைலம், சவர்க்காரம், போர்வை, எனக்கு ஒரு டோர்ச். எல்லாவற்றையும் ஒன்றாய்க் கட்டி நம் வீட்டுக்கு அனுப்பி, யாருக்கு எது என்று டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாய். நம்மவர்களின் வழக்கம் அதுதானே, வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் என்றால் என்ன ஏது என்று யாரும் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். அந்த டப்பாவில் உன் கையெழுத்தில் அவளுடைய பெயர். நான் அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவளுடைய உம்மாவிடம், "மருமகன் பொஞ்சாதிக்கு என்னமோ விசேஷமா அனுப்பி ஈக்கிறார்" என்று பகிடி பண்ணிக் கொடுத்தேன். ரிஸ்னா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு அந்த நாள் சந்தோஷமான நாளாகத்தான் இருந்தது.

டொக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. வெள்ளையாகிற பெண்ணின் படம் மட்டும்தான். இந்த மாதிரி டப்பா தன்னுடைய மேசைக்கு அடிக்கடி வருகிறது என்றார். முதல் சில கிழமை முகம் பளபளவென்று வெளுக்கும், எல்லோரும் புகழுவார்கள், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, உரியத் தொடங்கும். உள்ளே ஸ்டீரொய்ட் மருந்து கலந்திருக்கும், சிலதில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும் என்று சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார். "இன்றையோடு நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும். பயப்படாதே. அது குணமாவதற்கு முன்னால் வருகிற கஷ்டம். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வை" என்றார். அந்த மோசமான நாட்களில்தான், மகன், நீ லைட்டைப் போடச் சொன்னது.

கடைசியாக டொக்டர் கேட்டார், "இதை யார் உனக்குக் கொடுத்தது?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் கண்டியில ஒரு கடையில வாங்கின, மிஸ்" என்று சிங்களத்தில் பிசகாமல் சொன்னாள். டொக்டர் அவளுக்கு நன்றாக ஏசினார். படித்த பிள்ளை, புத்தி இல்லையா, அல்லாஹ் தந்த நிறத்துக்கு என்ன குறை என்று இல்லை, அவர் பௌத்தர், "பிறந்த நிறத்துக்கு என்ன குறை" என்றார். அவள் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். உனக்கு விழ வேண்டிய ஏச்சு. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து ஒரு ஹோட்டலில் தேத்தண்ணி குடித்தோம். அவளுக்குச் சூடு பட்டால் எரியும் என்று ஆற வைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் மகள் பொய் சென்ன?" என்று கேட்டேன். "அவர் ஆசப்பட்டு அனுப்பின சாமான் மாமா. வெளி ஆக்கள்ட்ட அவர குத்தம் சொல்ல ஏலுமா?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள், கலியாணப் படத்தைப் பார்த்து உன் அறையில் இருக்கிறவர்கள் ஏதோ சொன்னார்களாம், 'நீ கொஞ்சம் நெறமா ஈந்தா இன்னும் வடிவு' என்று நீ அவளிடம் சொன்னாயாம். முகம் எரியத் தொடங்கிய பிறகும், நீ வீடியோவில் "இப்ப நல்லம்" என்று சொன்னதால் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று பூசியிருக்கிறாள். "அவருக்கு செல்லாதீங்க மாமா. அவர் அனுப்பினதாலண்டு தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பெய்த்துடுவார். தனியா ஈக்கிற மனுசன்." நான் சரி என்றேன். முகம் குணமானால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிவிட்டேன். அன்றைக்கே பஸ்ஸிலிருந்து உனக்கு அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது நீ என் அழைப்பை எடுக்கிறவனாக இருந்தாய்.

இனி உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. சின்ன வயதில் உனக்கும் இரண்டு கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தேமல் விழுந்து, மேலே தவிடு ஒட்டினது போல உரிந்துகொண்டிருந்தது. பூச்சி என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். உன் உம்மா தேங்காயெண்ணெய் பூசிப் பூசி உன் தலையணை எல்லாம் நாறியது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் உம்மா முறையிட்டு, உன்னைத் தனியாக ஒரு வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். நீ வீட்டில் சொல்லவே இல்லை. ஒரு நாள் நான் குடை கொடுக்க வந்தபோது ஜன்னலால் பார்த்தேன், பின்னாலே தனி வாங்கில் நீ. திரும்பி வரும் வழியில் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "வாப்பா, நான் ஊத்த புள்ளயா?" என்று கேட்டாய். நான் உன்னைத் தூக்கி அந்த உரிகிற கன்னத்தில் நடுரோட்டில் வைத்து முத்தம் கொடுத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் நான் போட்ட சத்தத்தில் நீ முன் வாங்குக்கு வந்தாய். அந்தத் தேமல் தானாகவே மறைந்தது. தனி வாங்கில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நீயா, மகன், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தாய்? எனக்கு அழுகை வருகிறது. வயது போன மனுஷன் கடையில் இருந்து அழுதால் சனம் பார்க்கும் என்று சாமான் அறைக்குள்ளே போய் எழுதுகிறேன்.

உன் உம்மாவிடம் நான் இதையெல்லாம் நேற்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. "எங்கட புள்ள அப்பிடி ஒண்டும் அனுப்ப மாட்டான்" என்றாள். பார்சலைத் தன் கையாலேயே பிரித்தவள் அவள். டேப், பெயர் என்று ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல அவளுக்கு ஞாபகம் வந்தது. குசினிக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஆனாலும் மாலையில், "நடந்தது நடந்து பெய்த்து, புள்ளக்கி வேற எடத்துல பாப்பம்" என்றாள். அவளை நான் ஏசவில்லை. ஒரே ஒரு மகனைக் குறைவாக நினைக்க எந்த உம்மாவுக்கும் வராது. எனக்கு வந்துவிட்டது, அதுதான் என் வேதனை. நான் உன்னைக் குறைவாக நினைத்த முதல் நாளை நான் எப்படிக் கடந்தேன் என்று உனக்கு விளங்க நீயும் ஒரு பிள்ளைக்கு வாப்பாவாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வத்தேகமைக்குப் போனேன். ரிஸ்னாதான் கதவைத் திறந்தாள். முகம் குணமாகிவிட்டது. டொக்டர் சொன்னபடி வெறும் தண்ணீரில் கழுவி, வாசனை இல்லாத களிம்பு மட்டும் பூசி, வெயிலில் குடை பிடித்து, இத்தனை மாதமாகப் பொறுத்துப் பொறுத்து ஆற்றிக்கொண்டாள். பரிசோதனைகளிலும் பயப்பட ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பழைய நிறம், பழைய முகம். நான் பெண் பார்க்கப் போன அன்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்த அதே முகம். நான் உள்ளே போய் இருந்து, மகனுக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், கொஞ்சம் பொறு மகள் என்று கெஞ்சினேன். அவள் அழவில்லை. "வேணாம் மாமா. இப்ப செல்லி அவர் வந்தா, வெக்கத்துல வந்ததா, என்னய தேடி வந்ததாண்டு எனக்கு தெரியாமலே பெய்த்துடும்" என்றாள். விசாரணைக்கு வரச் சொல்லிக் காழியாரிடமிருந்து கடிதம் வந்துவிட்டதாம். கேட்டால் சம்மதம் என்று சொல்லிவிடுவாளாம், டப்பாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். நான் திரும்பும்போது, "மாமிட முழங்கால் நோவுக்கு நல்ல மருந்து ஒண்டு ஈக்கி, கொண்டு போங்க" என்று ஒரு போத்தலைத் தந்தாள். தன் கோப்பையைத் தனியாகக் கழுவிய மனுஷிக்கு.

வெட்கத்தில் வருகிறாயா, அவளைத் தேடி வருகிறாயா என்பது உனக்குத்தான் தெரியும். அதை நீயே வந்து சொல். முதலில் அந்தக் குழுவில், நீ பேசிய அதே இடத்தில், அதே வாயால், டப்பாவை அனுப்பியது நான்தான் என்று சொல். பிறகு வா. விடுமுறை கிடைக்கவில்லை என்றால் சம்பளத்தை விட்டுவிட்டு வா. வத்தேகமையில் கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் படியில் உட்கார். உன் தலையில் யாரும் ஒன்றையும் கட்டவில்லை, மகன், நீதான் ஒரு நல்ல பிள்ளையின் வாழ்க்கையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருக்கிறாய்.

நீ வராமல் காழியார் முன்னால்தான் வருவாய் என்றால், அதற்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். அந்த அறையில் உனக்கு ஆள் குறையாது. உன் உம்மா இருப்பாள், அவளுடைய சகோதரர்கள் இருப்பார்கள், ஊரில் இருந்து இரண்டு பேர் வருவார்கள். எதிர்ப்பக்கத்தில் மூச்சு வாங்குகிற ஒரு உம்மாவும் வாய் திறக்காத ஒரு பிள்ளையும் இருப்பார்கள். வழக்கப்படி காழியார், பெண்ணுக்காகப் பேச யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்.

நான் எழுந்து நிற்பேன்.

வாப்பா